உங்களுக்குத் தெரியுமா? வேகப் பாட்டும் ஆறு தந்தியும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். தொண்டை நாட்டின் பாடல் பெற்ற 32 தலங்களில் ஒன்று. உடும்பின் வால் போல லிங்கம் இருக்கும் கோயில் என்றுதான் பலரும் வருகிறார்கள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வேகமான பாட்டு ஒன்றைப் பாடத் துடிக்கும் பிள்ளைகளும் இங்கே ஒருமுறை வர வேண்டும் என்பது என் ஆசை. காரணம் முதல் துணுக்கிலேயே இருக்கிறது.

★

மாகறல் இறைவனைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் 72ஆவது. பண் சாதாரி. அதற்குத் 'திருவிராகம்' என்றும் ஒரு குறிப்பு உண்டு. குறில் எழுத்துகள் அடுக்கடுக்காக வந்து, மூச்சு விட இடம் தேடும்படி முடுகிச் செல்லும் நடைக்கு அந்தப் பெயர். அதாவது, இந்த ஊருக்குக் கிடைத்த பாட்டே ஒரு வேகப் பாட்டு! ஏழாம் நூற்றாண்டில் பாடியது. இன்னொன்றும் கவனியுங்கள்: பதிகத்தின் தொடக்கத்தில் சம்பந்தர் காட்டுவது இந்த ஊரின் சத்தத்தை. வயலில் வேலை செய்யும் பெண்கள் பாடி விளையாடும் ஆரவாரத்தில் முதல் பாட்டு தொடங்குகிறது. இரண்டாம் பாட்டிலும் மங்கையர் பாடும் ஒலி கேட்கிறது. பாடும் ஊரைப் பற்றி ஒரு பாட்டு.

★

செய்யுள் நடையில் எத்தனை வகை வேகம் உண்டு என்று தொல்காப்பியமே கணக்கெடுத்திருக்கிறது. வண்ணங்கள் 20. அவற்றில் குறில் மிகுந்து வருவது குறுஞ்சீர் வண்ணம். உருண்டோடுவது உருட்டு வண்ணம். முடுகு வண்ணம் என்றே ஒன்று தனியாக உண்டு.

இது புலவர்களுக்கு மட்டுமான விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நீங்கள் பாட எடுத்த வேகமான சினிமாப் பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதி, நெடில்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். மூச்சு எடுக்கத் தோதான இடம் எங்கே என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். நெடிலைக் கொஞ்சம் முன்னதாக முடித்தால் அதன் கடைசிச் சிறு துண்டு உங்கள் மூச்சுக்குக் கிடைக்கும். குறில் அடுக்கில் மூச்சு எடுக்கப் போனால் ஒரு எழுத்து கட்டாயம் விழுந்துவிடும். அதேபோல, 'ட்ட', 'க்க', 'ற்ற' வரும் இடங்களில் நாக்கு தானாகவே ஒரு நொடித்துளி நிற்கிறது. அந்த நிறுத்தத்தின் மேல் கிட்டாரின் அடி விழுந்தால் வார்த்தை தெளிவாகக் கேட்கும். தமிழின் வல்லினமே ஒரு தாள வாத்தியம்.

★

நிமிடத்துக்கு 160 தட்டு உள்ள பாட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று என வலது கை போய்வந்தால் நிமிடத்துக்கு 320 வீச்சு. நான்கு நிமிடப் பாட்டு முடியும்போது கை 1,280 முறை தந்திகளைக் கடந்திருக்கும். இதை முழங்கையால் செய்தால் இரண்டாவது சரணத்துக்குள் தோள் கல்லாகிவிடும். அசைய வேண்டியது மணிக்கட்டு. கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவோமே, அந்த அசைவு. மெல்லிய பிக் போதும், அரை மில்லிமீட்டர் கனம். நுனி கொஞ்சமாகத்தான் வெளியே தெரிய வேண்டும். ஆழமாக விட்டால் தந்தியில் சிக்கும். பிடி, நழுவி விழாத அளவுக்கு இருந்தால் சரி.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தந்தியில் அடி விழாத இடத்திலும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் வீசட்டும், பரவாயில்லை. நின்றுவிட்டு மறுபடி கிளம்பும் கை எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகத்தான் வந்து சேரும். வேகப் பாட்டில் அந்த மயிரிழை எல்லோர் காதிலும் விழும்.

★

கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு தறி.

காஞ்சிப் பக்கத்து வீடுகளில் குழித்தறியின் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கால் மிதிக்கிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. இடையில் நாடா பாய்கிறது. அச்சு வந்து ஊடையைத் தட்டிச் சேர்க்கிறது. மிதி, பாய்ச்சல், தட்டு. மறுபடி மிதி, பாய்ச்சல், தட்டு. இதற்கு நடுவில் நெசவாளர் நம்மைப் பார்த்து, "சாப்டாச்சா தம்பி?" என்கிறார். பெண்ணின் கல்யாணம் பேசுகிறார், விலைவாசி பேசுகிறார். கை அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு இழை அறுந்தால் மட்டும் பேச்சு பாதியில் நிற்கிறது. விரல் அந்த இழையைத் தேடிப் பிடித்து முறுக்கிச் சேர்க்கிறது. பிறகு விட்ட வார்த்தையிலிருந்தே பேச்சு தொடர்கிறது.

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவது இதுதான். கை தனியாக ஓடப் பழகினால் வாய்க்கு விடுதலை. பாடவும் வாசிக்கவும் ஒரே நேரத்தில் முயன்று, "எனக்கு வரவில்லை" என்று கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருபோதும் நம்ப மாட்டேன். கை தனியே ஓடும் முன்பே வாயைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் வழி இது. முதலில் இடது கையால் தந்திகளை லேசாக மூடி, ஸ்வரம் எழாமல் 'சக் சக்' என்று வலது கை மட்டும். அது ஓடும்போதே யாரிடமாவது பேசிப் பாருங்கள். பேச முடிந்தால், அடுத்து பாட்டின் வரிகளை ராகமில்லாமல் படியுங்கள். அதன் பிறகுதான் பாட்டு. 160இல் போக வேண்டிய பாட்டை 90இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் போய்ச் சேரலாம். சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றிச் சொல்லிக்கொடுத்த நம் பாட்டு வாத்தியார்களின் வழியும் இதுவே. ஒரே வித்தியாசம், அங்கே தாளத்தின் வேகம் மாறாது, அதற்குள் வரும் ஸ்வரம் இரட்டிக்கும்.

★

தாளத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ட்ஸெல் என்பவர் காப்புரிமை பெற்றது 1815இல். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீழ், மேல், கீழ், மேல் என்று வீசுங்கள். நான்கு வீச்சு சமமாக விழும். 'தகிட தகிட' என்றால் ஆறு. கீழே இரண்டும் மேலே ஒன்றும் அடிக்கிறோமா, மாற்றி மாற்றி அடிக்கிறோமா என்ற குழப்பமெல்லாம் சொல்லிப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

கொன்னக்கோலைப் பக்கவாத்தியங்களின் வரிசையிலேயே உட்காரவைத்த ஒரு மேதை காஞ்சிபுரத்துக்காரர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934). வயலின், மிருதங்கத்தோடு கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் எல்லாம் சூழ நடுவில் உட்கார்ந்து பாடிய லயச் சிங்கம் அவர். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே.பட்டம்மாள் சிறுமியாகக் கேட்டு வளர்ந்தது அவருடைய பாட்டை. பின்னாளில் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடி, பெண்களுக்கு அது ஆகாது என்ற தடையை உடைத்தவர் பட்டம்மாள். வேகத்தையும் கணக்கையும் ஊட்டி வளர்த்த ஊர் இது. பட்டுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

★

அடுத்தவர் மெட்டில் பாடுவது இன்றைய பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு: முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) செய்திருக்கிறார். சென்னை கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். 'சந்ததம் பாஹிமாம்' கிருதியின் மெட்டு, பிரிட்டிஷ் மன்னருக்கான வாழ்த்துப் பாடலின் மெட்டேதான். எல்லாம் சங்கராபரணம், அதாவது மேஜர் ஸ்கேல். அதனால் கிட்டாரில் சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். கிட்டாரும் பாட்டுமாகத் தொடங்கும் ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

★

பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே, 'இன்ன பாட்டு மெட்டு' என்று அச்சடித்திருப்பார்கள். நாடகப் பாட்டு, பஜனைப் பாட்டு, தேசியப் பாட்டு எல்லாவற்றிலும் இது உண்டு. ஸ்வரக் குறிப்பு எதுவும் இருக்காது. மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரே வரியில் நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். இன்று கவர் பாடிப் போடுகிற பிள்ளைகளும் இசையமைப்பாளர் பெயரையும் கவிஞர் பெயரையும் முதல் வரியில் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

★

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவு கவர் பாட்டுக்கானது. மூலப் பாட்டு பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே அதன் மறுபதிவை இந்தப் பிரிவின்படி வெளியிடலாம். உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். ஆனால் அமெச்சூர் குழு ஒன்று காசு கொடுக்காத கூட்டத்துக்குப் பாடினாலோ, கோயில் போன்ற சமய நிறுவனத்தின் நன்மைக்காகப் பாடினாலோ 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கல்யாண வீட்டுப் பாட்டுக்கும் விலக்கு உண்டு. இந்த விலக்குக்குள் வரும் திருவிழா மேடையில் தைரியமாகப் பாடலாம்.

★

கிட்டாரோடு வேகமாகப் பாடும் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு தாய்வீடு உண்டென்றால் அது இலங்கை. போர்த்துக்கீசியர் 1505இல் அங்கே வந்தனர். அவர்களோடும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க மக்களோடும் சேர்ந்து வளர்ந்தது பைலா. போர்த்துக்கீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆட்டம் என்று பொருள். 'தகிட தகிட' என்று துள்ளும் நடை, இரண்டு மூன்று கார்டு, கூட்டத்தோடு சேர்ந்து பாடும் பல்லவி. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று பாடியபோது, ஊர்ப் பேச்சையே வைத்து பாப் பாட்டு பாடலாம் என்று ஈழத்து இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். 'சிலோன் மனோகர்' என்று நாம் அழைத்த ஏ.ஈ.மனோகரன் (மறைவு 2018) 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கல்லூரி விடுதிக்கும் கொண்டுவந்து சேர்த்தார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் திரைக்கும் கொண்டுவந்தார்.

இன்றும் சுற்றுலாப் பேருந்தில் ஒரு கிட்டார் ஏறினால் மூன்றாவது பாட்டாகவாவது 'சுராங்கனி' வந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு அதில் ஒரு பெரிய வசதி. இடது கைக்கு வேலை மிகக் குறைவு. முழுக் கவனத்தையும் வலது கைக்கும் வார்த்தைக்கும் கொடுக்கலாம். வேகப் பாட்டு பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

★

இளையராஜாவே ஒரு கிட்டார்க்காரர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் தேர்வில் தேறியவர். 'இளைய நிலா' (பயணங்கள் முடிவதில்லை, 1982) பாட்டில் நாம் உருகுகிற அந்தக் கிட்டார் ஆர்.சந்திரசேகர் வாசித்தது.

★

'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்தது என்பது பலருக்கும் தெரியும். அந்த அதிரடிப் பாட்டின் நடுவே வருவது தில்லைக் கூத்தனைப் பற்றிய அப்பர் தேவாரம் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

ஒற்றைக் கிட்டாரில் இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான். அவ்வளவு நேரம் கொட்டிய தாளத்தை அப்படியே தேவாரத்தின் மேலும் கொட்டிவிடுகிறார்கள். கேட்கவே மனசு வலிக்கும். அந்த இடம் வந்ததும் பிக்கை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டை விரலின் சதையால் தட்டுக்கு ஒரு கார்டை வருடி விடுங்கள். குரல் மட்டும் முன்னால் நிற்கட்டும். தேவாரம் முடியும் கடைசிச் சொல்லில் பிக் மறுபடி விரல் நுனிக்கு வரட்டும். இந்த மாற்றத்தை மட்டும் தனியாக ஐம்பது முறை பழகலாம், தப்பில்லை. வயலின் கூட்டமும் கோரஸும் தாளக் கருவிகளும் செய்ததை ஒரு கிட்டார் செய்ய முடியாது. ஆனால் எதை விடுவது என்று அறிந்து விட்டால், மிச்சம் இருக்கிற பாட்டு தானாக எழுந்து நிற்கும்.

★

"என் சுருதி ரெண்டரைக் கட்டை. கிட்டார்ல எங்க பிடிக்கிறது?" என்று கேட்ட ஒரு அக்காவுக்குச் சொன்ன கணக்கு. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டையில் சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையில் வரும் கறுப்புக் கட்டைக்கு அரை சேரும். கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம் அரைச் சுருதி. சி கார்டு பிடித்தால் ஒரு கட்டை. எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போவை முதல் கட்டத்தில் மாட்டி அதே கார்டைப் பிடித்தால் ஒன்றரை. இரண்டாம் கட்டத்தில் இரண்டு. மூன்றாம் கட்டத்தில் ரெண்டரை. வேகப் பாட்டில் இது மிக அவசியம். குரலுக்கு ஒத்துவராத சுருதியில் மெதுவான பாட்டைச் சமாளித்துவிடலாம். வேகத்தில் உச்ச ஸ்தாயி வந்தால் கத்தல்தான் வரும்.

★

உலோகத் தந்தி போட்ட கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. ஒரு ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது போல. நைலான் தந்திக்கு அதில் பாதி சொல்லலாம்.

அதனால்தான் நம் வெயிலில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. ஒரு பங்குனி மதியம், பூட்டிய காரின் பின் இருக்கையில் என் கிட்டாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையின் பின் ஓரம் மேலெழுந்து, கீழே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. சூட்டில் பசை இளகி, தந்தி இழுத்துவிட்டது. பத்து வருடம் என் மடியில் இருந்த மரம். பிறகு ஒட்டிச் சரிசெய்தார்கள், ஆனாலும் அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியைத் துடையுங்கள். வேர்வை உப்பில் அது சீக்கிரம் கறுத்து ஓசை செத்துவிடும். வெயிலில் தந்தி விரிந்து சுருதி இறங்கும், ஆகவே திறந்தவெளி மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு சுருதி பாருங்கள்.

★

தந்தி வாத்தியமும் குரலும் மோதிக்கொண்ட கதை ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சம்பந்தரின் பதிகங்களைத் தம் யாழில் வாசித்தபடி அவரோடே ஊர் ஊராக நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில், யாழ் வாசிப்பால்தான் பதிகத்துக்குச் சிறப்பு என்று யாழ்ப்பாணரின் உறவினர்கள் பேசினார்கள். பாணர் அதைக் கேட்டுப் பதறிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழில் அது வரவில்லை. பாணர் யாழை உடைக்கக் கை ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கிக்கொண்டார். கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர்.

★

மாகறல் பதிகத்தின் சாதாரிப் பண்ணை இன்று பந்துவராளி ராகத்தில் பாடுகிறார்கள். கிட்டாரில் அதற்குக் கார்டு தேடி நானும் பல மாலை நேரங்களைச் செலவழித்திருக்கிறேன். ஸ, க, ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு, அது பொருந்துகிறது. ஆனால் ரிஷபத்திலும் தைவதத்திலும் குரல் அசையும்போது, அசையாத கட்டங்களில் நிற்கும் கார்டு அதோடு வர மறுக்கிறது. கடைசியில் கார்டையே விட்டுவிட்டேன். கேப்போவை மூன்றாம் கட்டத்தில் மாட்டினேன். ஐந்தாம் தந்தி இப்போது சி, அதுதான் ஸ. ஆறாம் தந்தி ஜி, அது கீழ் ப. இடது கை சும்மா இருந்தது. வலது கைக் கட்டை விரல் இந்த இரண்டு தந்திகளை மட்டும் மாற்றி மாற்றி மீட்ட, தம்புராவைப் போல ஒரு கார்வை எழுந்தது. அதன் மேல் முதல் பாட்டை, குறில் ஒன்றும் விழாமல், ஒரே ஓட்டமாகப் பாடினேன்.

இரண்டு தந்தி போதுமாக இருந்தது.